கருப்பட்டிக்கும் கருவாட்டுக்கும் இணையத்தில் ஆள் பிடிக்கும் முன்...

உங்களுக்குக் கருப்பட்டி காய்ச்சத் தெரியும். நெத்திலியை மணல் ஒட்டாமல் காயவைக்கத் தெரியும். எந்த மிளகாய் வற்றல் நிறம் மாறாமல் நிற்கும் என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவீர்கள். ஆனால், அதைப் பொட்டலம் போட்டு, லேபிள் ஒட்டி, படம் எடுத்து, சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பவர்களுக்கு இணையத்தில் விற்க வேண்டும் என்றால்?

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் கீழவைப்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கடல். அக்கம்பக்கத்தில் உப்பளமும் பனையும். மேற்கே விளாத்திகுளம், எட்டயபுரம் வரை மானாவாரிக் கரிசல். உளுந்து, பாசி, மிளகாய், மல்லி விளையும் பூமி. விற்கச் சரக்குக்குக் குறைவில்லை. சரக்கை மொத்த வியாபாரியிடம் போட்டுவிட்டு அவர் சொல்லும் விலையை வாங்கி வருவதுதான் பழக்கம். அதிலிருந்து ஒரு பங்கையாவது நேரடியாக விற்கப் பார்க்கும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் முதலில் முட்டி நிற்கும் இடம் லேபிள், புகைப்படம், ஆங்கில விவரம், கணக்கு ஆகியவைதான்.

இதற்கெல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது. வேலைக்கு ஏற்ப, ஒரு தடவைக் கூலி பேசி, இணையம் வழியாகவே முடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஃப்ரீலான்சர் என்கிறார்கள். அப்வொர்க், ஃபைவர், ஃப்ரீலான்சர் போன்ற தளங்களில் உலகம் முழுவதிலும் இருந்து இப்படி வேலை எடுப்பவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வாகனம் ஓட்டுபவர், உணவு கொண்டுவந்து தருபவர் உட்பட இந்தியாவில் இப்படிப் பணிக்குப் பணி கூலி பெறுவோர் 2020-21ல் 77 லட்சம் பேர் என்றும், 2029-30ல் 2.35 கோடியாக உயர்வார்கள் என்றும் நிதி ஆயோக் 2022ல் மதிப்பிட்டது. ஆள் கிடைப்பது இன்று கஷ்டமில்லை. வேலையை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கிறது.

கயிறு பிடிப்பவர் யார்?

இந்தக் கடற்கரைக்கு இது புதிய விஷயமும் அல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி எடுத்தவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் குளித்தவருக்கு; மீதி அரசுக்கு. கரையில் எல்லார் கண்முன்னும் எண்ணிப் பிரித்தார்கள். 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால், குளிப்பவரின் கயிற்றை மேலே பிடித்து நிற்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்ற பேச்சு கரையில் இன்னும் இருக்கிறது. தன் தங்கை தாலி அறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது அதன் கணக்கு.

இணையத்தில் முகம் தெரியாதவரிடம் வேலை கொடுக்கும்போது அந்த மச்சான் உறவு இல்லை. அதனால்தான் எழுத்தும், தவணையும், கணக்குச் சாவியும் முக்கியமாகின்றன.

எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

ஒரு தடவை செய்தால் பல மாதம் பயன்படும் வேலைகளை வெளியே கொடுக்கலாம். லேபிள் வடிவமைப்பு, சின்னம், பொருளின் புகைப்படத்தைத் திருத்துதல், ஆங்கிலம், இந்தியில் விவரம் எழுதுதல், சிறு வீடியோ வெட்டி ஒட்டுதல், விற்பனைத் தளத்தில் பொருட்களைப் பதிவேற்றுதல், குழு உறுப்பினர் விவரங்களைக் கணினியில் ஏற்றுதல் ஆகியவை இந்த வகை.

வாடிக்கையாளரின் போன், வாட்ஸ்அப்பை வெளியாளிடம் விடாதீர்கள். "கருப்பட்டி கசிகிறதே, என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்டால், மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள் என்று பதில் சொல்ல உங்களால்தான் முடியும். தரம் பார்ப்பது, விலை வைப்பது, வங்கிக் கணக்கு, கடவுச்சொல் ஆகியவையும் உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் பக்கத்தில் தேடுங்கள்

இணையத்தில் ஆள் என்றதும் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னை ஐஐடியின் தொழில் வளர்ப்பு மையத்தின் துணையோடு வளர்ந்த தேசிகுரூ என்ற நிறுவனம், திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில் கிராமத்து இளைஞர்களைப் பயிற்றுவித்து நகரத்து நிறுவனங்களின் கணினி வேலையைச் செய்து காட்டியது. கிராமத்தில் இருந்துகொண்டே இந்த வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் ஊரில் கணினி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கோவில்பட்டி, சிவகாசி அச்சகங்களுக்குத் தினமும் லேபிள் போட்டுத் தருபவர்களும் வீட்டிலிருந்தபடி தனி வேலை எடுப்பதுண்டு. அச்சகம் என்ன கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழ் வாசிக்கத் தெரிந்தவரா என்பதை முதல் கேள்வியாக வையுங்கள். தமிழ் தெரியாத வடிவமைப்பாளரின் கணினியில் 'கருப்பட்டி'யின் எழுத்தும் புள்ளியும் இடம் மாறி விழும். அவர் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. அச்சாகி வந்த பிறகுதான் நீங்கள் பார்ப்பீர்கள்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, முன்பு செய்த உணவுப்பொருள் லேபிள்களைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பொருள் நிஜமாகவே விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சிறிய வேலையைக் கூலி கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். மூன்று பேரிடமும் இலவசமாக மாதிரி கேட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு மற்ற இருவரைக் கைவிடுவது நியாயமில்லை. நம் சரக்கை மாதிரிக்கு என்று எடுத்துப்போய்ப் பணம் தராதவரை நாம் என்ன சொல்வோம்?

வேலைக் குறிப்பை எழுதிக் கொடுங்கள்

"நல்லா அழகா ஒரு லேபிள் போட்டுக் கொடுங்க தம்பி" என்று போனில் சொன்னால், அவர் நினைத்த அழகு வரும். நீங்கள் நினைத்தது வராது. பிறகு பத்துத் தடவை திருத்தம், இரண்டு பக்கமும் கோபம். ஒரு பக்கத்தில் கீழ்க்கண்டவற்றை எழுதி அனுப்புங்கள்.

* என்ன பொருள், என்ன எடை, எந்த வகைப் பை அல்லது டப்பா. அதன் புகைப்படம்.
* லேபிளின் நீள, அகலம் மில்லிமீட்டரில்.
* லேபிளில் வர வேண்டிய ஒவ்வொரு சொல்லும், எழுத்துப் பிழையின்றி தட்டச்சு செய்து.
* எத்தனை மாதிரி, எத்தனை தடவை திருத்தம், எந்தத் தேதிக்குள்.
* முடிவில் என்னென்ன கோப்பு தர வேண்டும்.

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை வைத்து அச்சடிக்க முடியாது. அச்சுக்கு ஏற்ற பிடிஎஃப், பிறகு திருத்தம் செய்யக்கூடிய மூலக் கோப்பு (கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், ஃபோட்டோஷாப் எதில் செய்தாரோ அது) இரண்டும் வேண்டும். நிறம் சிஎம்ஒய்கே முறையில், படங்கள் 300 டிபிஐ தரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூலக் கோப்பு இல்லையென்றால், நாளை விலை மாறினாலும் எடை மாறினாலும் அதே ஆளைத் தேடிப் போக வேண்டும்.

இன்னொன்று. தொடக்கத்திலேயே பெயர் அச்சடித்த பை போடாதீர்கள். அதற்கு உருளை செய்யும் செலவு உண்டு. குறைந்தபட்ச எண்ணிக்கையும் அதிகம். வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டித் தொடங்குங்கள். பிழை இருந்தால் நஷ்டம் சிறியதாக இருக்கும்.

லேபிளில் சட்டம் உங்கள் பொறுப்பு

வடிவமைப்பாளருக்கு அழகு தெரியும். உணவுச் சட்டம் தெரிய வேண்டும் என்பதில்லை. தப்பு வந்தால் அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். ஆகவே, சொற்களை நீங்களே கொடுங்கள்.

பொருளின் பெயர், சேர்மானங்கள், தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிடுபவரின் பெயரும் முகவரியும், நிகர எடை, தயாரித்த அல்லது பொட்டலமிட்ட நாள், எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி எண், எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை, குறை தெரிவிக்கத் தொடர்பு விவரம், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் ஆகியவை வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்பதும் வர வேண்டும். 500 கிராம் 200 ரூபாய் என்றால், கிராம் 40 பைசா.

கருப்பட்டிக்குப் பச்சைப் புள்ளி. கருவாட்டுக்குச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். ஒரே வடிவத்தை இரண்டுக்கும் நகல் எடுக்கும்போது கருவாட்டுப் பொட்டலத்திலும் பச்சைப் புள்ளி ஏறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். மீன் ஒவ்வாமை தரக்கூடிய பொருள் பட்டியலில் இருப்பதால், அதையும் குறிப்பிட வேண்டும்.

இணையத்தில் இருந்து நகல் எடுத்து எழுதுவதால் வரும் பிழைகள் மூன்று.

முதலாவது, ஊர்ப் பெயர். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023லும் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிரபலமான பெயர் என்று நினைத்து, கீழவைப்பார்ப் பக்கம் காய்ச்சிய கருப்பட்டியில் 'உடன்குடி' என்று வடிவமைப்பாளர் போட்டுவிட்டால் அது சட்டப்படி தவறு. உங்கள் ஊர்ப் பெயரையே போடுங்கள். பக்கத்து வேம்பார்க் கருப்பட்டி தன் பெயரிலேயே பெயர் வாங்கியதுதானே?

இரண்டாவது, மருத்துவப் பேச்சு. 'சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது' என்ற வரி கருப்பட்டி விளம்பரங்களில் அடிக்கடி வருகிறது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நோயைத் தீர்க்கும், கட்டுப்படுத்தும் என்று உணவுப்பொருளில் எழுதக் கூடாது. அதை நம்பிச் சாப்பிட்டவருக்கு உடம்புக்கு ஏதாவது ஆனால், நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, 'ஆர்கானிக்' என்ற சொல். சான்று கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தச் சொல்லை அனுமதியுங்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியை வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், எடை, விலை விவரங்களைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடமும் காட்டிக் கேளுங்கள். இரண்டு நாள் அலைச்சல், பல ஆயிரம் ஸ்டிக்கரைக் குப்பையில் போடுவதைத் தடுக்கும்.

பணம் கொடுத்தால் போதாது; உரிமையும் எழுதி வாங்க வேண்டும்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. கூலி கொடுத்துவிட்டோம், லேபிள் நம்முடையது என்று நினைக்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வரைந்தால் உரிமை பொதுவாக முதலாளிக்கு. தனியாள் வரைந்தால் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவரே. நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு விதி வேறு. மாற்றி ஒப்பந்தம் இல்லாதவரை அது உங்களுடையது. சின்னத்துக்கும் லேபிள் ஓவியத்துக்கும் அப்படி நம்பியிருக்க முடியாது.

உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எங்கே செல்லும் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓராண்டுக்குள் பயன்படுத்தாமல் விட்டாலும், வேறுவிதமாக எழுதியிராவிட்டால், உரிமை காலாவதியாகும். ஐந்து ஆண்டில் உங்கள் பெயர் நாலு ஊரில் தெரிந்து, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு போகும் நேரத்தில் லேபிள் யாருடையது என்ற கேள்வி எழுந்தால் என்ன செய்வது?

கடைசித் தவணை கொடுக்கும்போது இப்படி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்:

"இத்துடன் இணைத்துள்ள லேபிள், சின்னம் ஆகியவற்றின் முழுப் பதிப்புரிமையையும், அதன் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், ரூ. ....... பெற்றுக்கொண்டு ....... குழுவுக்கு மாற்றித் தருகிறேன். ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை காலாவதியாகாது. இது என் சொந்த வேலை. வேறு எவருடைய படத்தையும் நகல் எடுக்கவில்லை."

பெயரும் சின்னமும் நிலைத்துவிட்டால் வணிகச் சின்னமாகவும் பதிவு செய்யுங்கள். தனிநபரும் சிறுதொழில் செய்பவரும் இணையத்தில் விண்ணப்பிக்க, ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். கருவாடு 29ஆம் வகையிலும் கருப்பட்டி 30ஆம் வகையிலும் வரும். விண்ணப்பம் உங்கள் பெயரில் அல்லது குழுவின் பெயரில் இருக்கட்டும். பதிவு செய்து தருபவரின் பெயரில் போய்விடக் கூடாது.

பணத்தைத் தவணையாகக் கொடுங்கள்

முழுப் பணத்தை முன்கூட்டிக் கொடுப்பதும் தப்பு. எல்லாம் முடியும்வரை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் இழுப்பதும் தப்பு. தொடங்கும்போது 30 சதவீதம், மாதிரியை ஏற்றதும் 40, மூலக் கோப்பும் உரிமைத் தாளும் வந்ததும் 30 என்று பேசிக்கொள்ளலாம். அப்வொர்க் போன்ற தளத்தில் நீங்கள் செலுத்தும் தொகையைத் தளமே பிடித்து வைத்து, வேலையை நீங்கள் ஏற்ற பிறகு கொடுக்கும் வசதி உண்டு. "தளத்துக்கு வெளியே கொடுங்கள், குறைத்துக்கொள்கிறேன்" என்று முதல் வேலையிலேயே கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்தப் பாதுகாப்பு போய்விடும். தளம் இதற்குக் கழிவு எடுக்கும். ஃபைவரில் வேலை செய்பவரின் கூலியில் 20 சதவீதம் பிடிக்கிறார்கள். 1,000 ரூபாய்க்குப் பேசினால் அவர் கைக்கு வருவது 800 என்பதையும் பேரம் பேசும்போது நினைத்துப் பாருங்கள்.

பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. "மொத்த ஆர்டர் வந்திருக்கிறது, இந்தக் குறியை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

சாவி உங்கள் மடியில் இருக்கட்டும்

இணையதளப் பெயர், முகநூல் பக்கம், கூகுள் வரைபடத்தில் உங்கள் இடம், விற்பனைத் தளக் கணக்கு எல்லாவற்றையும் உங்கள் போன் எண்ணிலும் மின்னஞ்சலிலும் நீங்களே தொடங்குங்கள். வேலை செய்பவரை அதில் உதவியாளராக அல்லது மேலாளராகச் சேர்க்கும் வசதி உண்டு. கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டாம். வேலை முடிந்ததும் அவர் பெயரை எடுத்துவிடலாம். இணைய விளம்பரம் போடுவதாக இருந்தால், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்து, உங்கள் கணக்கில் இருந்து நேராகச் செலுத்துங்கள். குழுவாக இருந்தால், கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதித் தலைவியும் செயலாளரும் பூட்டில் வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்தைத் தொடங்கிய பிள்ளை வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு அதைத் திறக்க ஆள் தேடும் குழுவாக நீங்கள் இருக்கக் கூடாது.

புகைப்படத்திலும் கவனம் வேண்டும். இப்போது கணினியே படம் உருவாக்கித் தருகிறது. பளபளக்கும் அந்தக் கருப்பட்டி உங்கள் கருப்பட்டி அல்ல. பொட்டலத்தைப் பிரித்ததும் வாங்கியவருக்குத் தெரிந்துவிடும். காலை வெயிலில் வெள்ளைத் துணி விரித்து, உங்கள் சரக்கை உங்கள் போனிலேயே எடுங்கள். பின்னணியைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் வெளியே கொடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

லேபிளுக்கு 4,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பொட்டலம் விற்றால் ஒன்றுக்கு 2 ரூபாய். 200தான் விற்றால் ஒன்றுக்கு 20 ரூபாய். லாபம் அதிலேயே போய்விடும். எனவே, முதலில் கையால் எழுதிய சீட்டோடு தெரிந்தவர்களுக்குச் சிறிது விற்றுப் பாருங்கள். இரண்டாம் முறை அவர்களே கேட்டு வாங்குகிறார்களா? அப்போது லேபிளுக்குச் செலவு செய்யுங்கள். சீனி கலந்த கருப்பட்டிக்கும் உப்புக் குறைந்த கருவாட்டுக்கும் எந்த வடிவமைப்பாளரும் இரண்டாவது வாடிக்கையாளரைக் கொண்டுவர முடியாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்துக் குழுக்கள் தனித்தனியே பத்து ஆளைத் தேடுவதைவிட, வட்டார அளவில் ஒரே வேலைக் குறிப்பு, ஒரே உரிமைத் தாள், நம்பகமான நான்கைந்து பேரின் பட்டியல் ஆகியவற்றைத் தயாரித்துக் கொடுத்தால் எல்லோருக்கும் பயன்படும். அந்தப் பட்டியலில் உள்ளூர்ப் பெண்பிள்ளைகள் இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொண்டால், கூலியும் ஊருக்குள்ளேயே தங்கும்.

பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கிவிட்டால் உங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. ஆகவே, மார்கழி, தை மாதங்களிலேயே சொற்களை எழுதி, ஆளைப் பேசி, மாதிரியைக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். பொட்டலமிடுதல், மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு முடிவைத்தானேந்தலில் உள்ள ஸ்கேட் வேளாண் அறிவியல் நிலையத்தையும், கருவாட்டுக்குத் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையும், தொழில் பதிவு, கடன் விவரங்களுக்கு மாவட்டத் தொழில் மையத்தையும் அணுகலாம். போகும்போது உங்கள் சரக்கில் ஒரு பொட்டலமும், எழுதிவைத்த வேலைக் குறிப்பும் கையில் இருக்கட்டும்.